ஒளி கூடியதா, புள்ளி பரந்ததா: சிறுகோளின் வால்மீன் குணத்தை எது காட்டும்?

பூமியருகே வரும் சிறுகோள் வால்மீனைப்போல் தூசி கக்குகிறதா என்று அறிய இரண்டு வழிகள் போட்டியிடுகின்றன: மொத்த ஒளி கணிப்பை மீறுகிறதா என்று அளப்பது, அல்லது படத்தில் அதன் புள்ளி நட்சத்திரங்களைவிடப் பரந்திருக்கிறதா என்று பார்ப்பது. முதல் எச்சரிக்கைக்கு ஒளியளவுதான் சரி. தீர்ப்புக்கு அது மட்டும் போதாது.

1 வானியல் அலகு (பூமி–சூரியன் சராசரித் தொலைவு) தொலைவில் 1 வில்விநாடி (பாகையின் 3600-இல் ஒரு பங்கு) என்பது சுமார் 725 கி.மீ. விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் விலகும் தூசி அதைக் கடக்க எட்டு நாளுக்கு மேல் ஆகும். அதுவரை கோமா, அதாவது சிறுகோளைச் சூழும் தூசி உறை, புள்ளிக்குள்ளேயே மறைந்திருக்கும். படம் எதுவும் சொல்லாது, ஒளியளவு சொல்லிவிடும். 1 கி.மீ. விட்டமுள்ள சிறுகோளின் ஒளி 0.1 மேக்னிட்யூட் (வான்பொருள் ஒளியின் அளவுகோல்; 0.1 என்பது ஏறக்குறைய பத்து சதவீத ஒளி) கூடுவதற்கு, அதன் மேற்பரப்பைப் போலவே ஒளியைத் திருப்பும் தூசி 0.08 சதுர கி.மீ. அளவுக்கு இருந்தால் போதும். துகளின் ஆரம் 0.1 மி.மீ., அடர்த்தி நீரைப்போல் இருமடங்கு என்றால், எடை ஏறக்குறைய 20 டன்தான்.

சிக்கல் என்னவென்றால், அதே 0.1 மேக்னிட்யூட் தூசியே இல்லாமலும் வரும். சூரிய, பூமி தொலைவுகளின் விளைவைக் கழித்தபின் கட்டக்கோணத் திருத்தம் செய்ய வேண்டும்; கட்டக்கோணம் என்பது சிறுகோளிலிருந்து பார்த்தால் சூரியனுக்கும் பூமிக்கும் இடையிலான கோணம். பூமியருகுச் சிறுகோள்களின் கட்டக்கோணம் சில நாட்களிலேயே பல பாகை மாறும்; கட்டக்கோணத்தோடு ஒளி எப்படி மங்குகிறது என்பதைக் குறிக்கும் ஜி என்ற எண்ணை எல்லாவற்றுக்கும் 0.15 என்று வைத்தால் பெரிய கோணங்களில் பிழை எளிதில் 0.1-ஐத் தாண்டும். நீள்வடிவப் பாறை சுழலும்போதும் ஒளி ஏறி இறங்கும், ஆகவே ஒரு முழுச் சுழற்சியின் சராசரி தேவை. வெவ்வேறு நிற வடிகட்டிகளின் அளவுகளை நிறத்திருத்தமின்றிக் கலந்தால் அதுவே பொய்யான வெடிப்பாகத் தெரியும்.

படவழியின் எதிரி வேகம். நிமிடத்துக்கு 10 வில்விநாடி நகரும் பொருளை, 2 வில்விநாடி அகலப் புள்ளிகள் தரும் வானில், நட்சத்திரங்களைப் பின்தொடர்ந்து 12 விநாடிக்கு மேல் படம் எடுத்தால் அது கோடாக இழுபடும். பொருளையே பின்தொடர்ந்தால் நட்சத்திரங்கள் கோடாகும். அப்போது நகர்வுக்குக் குறுக்கான அகலத்தை மட்டும் ஒப்பிட வேண்டும்.

இரண்டுக்கும் நடுவே செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. சிறிய, பெரிய அளவீட்டு வட்டங்கள் இரண்டில் ஒளியை எடுத்து, வித்தியாசத்தை நட்சத்திரங்களோடு ஒப்பிடுங்கள். சீரான கோமாவின் ஒளி வட்டத்தின் ஆரத்தோடு கூடிக்கொண்டே போகும். வெறும் பாறையின் ஒளி சீக்கிரமே நின்றுவிடும். பின்னணியில் மங்கலான விண்மீன் திரள் இருந்தாலும் இதே விளைவு வரும், ஆகவே பழைய வான்படத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒளி கூடியது உண்மையே ஆனாலும் கூட்டியது எது என்பது தனிக் கேள்வி. 2009-இல் ஃபேத்தான் என்ற பூமியருகுச் சிறுகோள் சூரியனை நெருங்கியபோது அதன் ஒளி சுமார் 2 மேக்னிட்யூட் கூடியதை, சூரியனை ஆராயும் ஸ்டீரியோ விண்கலம் கண்டது. தூசி என்றே கருதப்பட்டது. 2023-இல் வெளிவந்த ஆய்வு, சூரியனை ஆராயும் சோஹோ விண்கலத்தின் வடிகட்டிப் படங்களை வைத்து, அது சோடியம் ஒளிர்வு என்று காட்டியது. பென்னு என்ற சிறுகோள் இன்னொரு எல்லை. 2019 ஜனவரியில் ஒசைரிஸ்-ரெக்ஸ் விண்கலம் அருகிலிருந்து கண்டதுபோல் அது சென்டிமீட்டர் அளவுக் கற்களை எறிகிறது. அவற்றின் பரப்பு மிகச் சொற்பம் என்பதால் பூமியிலிருந்து இவ்விரு வழிகளிலும் அகப்படாது.