ஹோண்டா யூஎம்கே 435 பிரஷ் கட்டர்: தோளில் சுமப்பவர் பக்கம் நின்று ஒரு மதிப்பீடு

தோட்டப் பராமரிப்பு காண்ட்ராக்ட் நடத்துபவர்களுக்கு நல்ல ஆள் நிற்பதில்லை என்பது தீராத கவலை. கூலியும் போனஸும் முக்கியம்தான். ஆனால் விடிந்ததிலிருந்து புல் அறுப்பவருக்கு, தோளில் தொங்கும் அந்த மிஷின்தான் வேலையின் சுகமும் துக்கமும். கயிற்றைப் பத்துத் தடவை இழுத்தும் கிளம்பாத மிஷினைக் கொடுத்துவிட்டு, வேலையில் ஈடுபாடு இல்லை என்று அவரைக் குறை சொல்வது நியாயமே இல்லை.

யூஎம்கே 435-இல் இருப்பது 35.8 சிசி ஜிஎக்ஸ்35 ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சின். பெட்ரோலில் ஆயில் கலக்க வேண்டாம் என்பதே முதல் நிம்மதி. டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் பெட்ரோலுக்கு ஆயில் 50:1 என்றால் லிட்டருக்கு 20 மில்லி; அந்த அளவு தவறினால் ஒன்று புகை மூட்டம், இல்லையேல் பிஸ்டன் இறுகிவிடும். இதில் புகை குறைவு, சத்தமும் காதைக் கிழிக்காத அடித்தொனி. அதற்காகக் காதுக்கவசம் வேண்டாம் என்றாகாது. எந்தக் கோணத்தில் சாய்த்தாலும் ஆயில் ஓட்டம் நிற்காது என்பதால் சரிவுகளிலும் நம்பி இறங்கலாம்.

குறை, எடைதான். ஏழு கிலோவுக்கு மேல் வரும். இந்த எடையை இடுப்பு தாங்க வேண்டும், தோள் அல்ல. ஒற்றைத் தோள் பட்டையை ஓரமாக வைத்துவிட்டு, இரு தோளுக்கும் இடுப்புக்குமான முழு பெல்ட் வாங்குங்கள். மாட்டும் கொக்கி வலது இடுப்பெலும்புக்கு ஒரு கையகலம் கீழே நிற்கட்டும். கையை விட்டால் வெட்டும் தலை தரையை லேசாகத் தொட வேண்டும். தூக்கிக்கொண்டு நின்றால் கொக்கியை நகர்த்திச் சரிசெய்யுங்கள். பெல்ட்டை ஆளுக்கு ஆள் மாற்றாதீர்கள். அவரவர் உடம்புக்கு அமைத்த பெல்ட் அவரவரிடமே இருக்கட்டும்.

கெட்டுப்போவதற்கான காரணம் பெரும்பாலும் எஞ்சினுக்குள் தனியே ஊற்றும் ஆயில். கொள்ளளவே 100 மில்லிதான். கொஞ்சம் குறைந்தாலும் ஆபத்து, கூடினால் ஏர் ஃபில்டர் நனைந்து மூச்சடைக்கும். எஞ்சினை மட்டமாக வைத்துத் தினமும் பார்க்க வேண்டும். முதல் முறை 10 மணி நேர ஓட்டத்திலும், பிறகு 50 மணி நேரத்துக்கு ஒருமுறையும் 10டபிள்யூ-30 ஆயில் மாற்றவும். ஒரே சைட்டில் டூ-ஸ்ட்ரோக் மிஷினும் இருந்தால் பெட்ரோல் கேன்களுக்கு வேறு வேறு நிறம் அடியுங்கள். ஆயில் கலந்த பெட்ரோல் இதில் போனால் பிளக்கில் கரி அடையும். சில வாரம் ஓட்டப்போவதில்லை என்றால் டேங்க்கைக் காலி செய்து, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள்.

புல் வெட்டும் நைலான் கயிறு 2.4 மி.மீ. தடிமன் போதும். புல் அடைக்கிறது என்று வெட்டும் தலையின் பாதுகாப்பு மூடியை (கார்டு) கழற்றி, கயிற்றை நீளமாக விட்டு ஓட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அப்படி ஓட்டினால் எஞ்சின் திணறும், கிளட்ச் காந்தும், கல் நேராக முகத்துக்கு வரும். பக்கத்தில் 15 மீட்டருக்குள் யாரையும் விடாதீர்கள்.

மிஷின் வாங்கினால் மட்டும் ஆள் தங்கிவிட மாட்டார். ஒவ்வொரு மிஷினையும் ஒருவர் பொறுப்பில், அவர் பெயர் எழுதிக் கொடுங்கள். ஆயில் பார்க்க, ஃபில்டர் தட்ட, கியர் பெட்டிக்கு கிரீஸ் வைக்க காலையில் கால் மணி நேரம், கூலியோடு சேர்த்தே. "சத்தம் மாறுது மேஸ்திரி" என்று அவர் சொன்னால் அன்றே மெக்கானிக்கிடம் போக வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளினால் அடுத்த முறை அவர் சொல்லவே மாட்டார். ஒரே ஆளை நாள் முழுக்க ஓட்டவிடாமல், அரை மணி, முக்கால் மணிக்கொரு முறை கவாத்துக்கோ களையெடுப்புக்கோ மாற்றிவிடுங்கள். அதிர்வில் விரல் மரத்துப்போவது நாளடைவில் நிரந்தர நரம்புப் பாதிப்பாகிவிடும்.

ஓரங்களை மட்டும் சீவும் சிறிய வீட்டுத் தோட்டங்களுக்கு இது தேவையில்லை. எடை குறைந்த ஜிஎக்ஸ்25 எஞ்சின் மாடலே போதும். அபார்ட்மென்ட் வளாகம், கல்லூரி மைதானம் என்று தினமும் பல மணி நேரம் ஓட்டுவதானால் 435 எடுங்கள். வாங்குமுன் ஓட்டப்போகிறவரையும் கடைக்கு அழைத்துப் போய், தோளில் மாட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டுப் பணம் கொடுங்கள்.