ஹோமோஜினைசர் வேண்டி 4 வருசம்: எங்கட பால் கொட்டிலில ஓட்டிப் பாத்த அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் சின்னனா பால் பதப்படுத்துற இடம் ஒண்டு வச்சிருக்கிறம், அதுக்கு செக்கன்ட் ஹாண்டா ஒரு ஹோமோஜினைசர் (பாலில இருக்கிற கொழுப்பை நுணுக்கி உடைச்சுக் கலக்கிற மெசின்) வேண்டி 4 வருசம் முடிஞ்சிட்டுது. மணித்தியாலத்துக்கு 500 லீற்றர், பாலைத் தள்ளுற தண்டு, அதாவது பிளஞ்சர், மூண்டு, ரெண்டு ஸ்டேஜ் வால்வு. வேண்ட யோசிக்கிற ஆக்கள் எடுத்துக் கேக்கிறது ஒரே கேள்விதான், "அண்ணை எத்தினை பார் போகும்?" பிரஷரை (பார் எண்டா அதின்ர அலகு) மட்டும் கேட்டு வேண்டாதேங்கோ எண்டு சொல்லத்தான் இவ்வளவும் எழுதுறன்.

மெசின் வேண்ட முதல் வெனிலாப் பாலும் கோப்பிப் பாலும் போத்திலில அடைச்சு அவிச்சு முறிகண்டிக் கடையளுக்குக் குடுத்துக்கொண்டிருந்தனாங்கள். நாலைஞ்சு நாளில போத்தில் கழுத்தில மஞ்சளா ஒரு வளையம் கட்டீடும், பஸ்ஸால இறங்கிற சனம் பால் பழுதெண்டு திருப்பிக் குடுத்திடும். பழுதில்லை அது, கொழுப்பு. பசும்பாலில கொழுப்புத் துணிக்கை சராசரியா 3, 4 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் எண்டா மில்லிமீற்றரில ஆயிரத்தில ஒண்டு) இருக்கும், பெருசுகள் 10 மட்டும் போகும், மற்றதை விடப் பாரம் குறைவெண்டபடியால் மேல எழும்பி ஒண்டோட ஒண்டு ஒட்டிக்கொள்ளுது. மெசின் செய்யிறது பாலை 200 பாரில ஒரு இடுக்குக்குள்ளால தள்ளுறது. அந்த இடுக்கு ஒரு மில்லிமீற்றரில பத்தில ஒண்டுதான், சிலதில அதிலயும் குறைவு. செக்கனுக்கு 200 மீற்றர் கிட்ட வேகத்தில அதுக்குள்ளால பாயேக்க வாற சுழிப்பிலயும் குமிழ் வெடிப்பிலயும் துணிக்கை சிதறி 1 மைக்ரோன் அளவுக்கும் கீழயும் வந்திடும். விட்டம் நாலில ஒண்டாக் குறைஞ்சா மேல எழும்புற வேகம் பதினாறில ஒண்டாக் குறையும், அதாலதான் வளையம் கட்டாது.

உடைஞ்ச துணிக்கையள் உடன பாலில இருக்கிற புரதத்தால மூடுப்பட நேரம் காணாம முந்திரியங்குலை மாதிரி ஒட்டப் பாக்கும், அதைப் பிரிக்கத்தான் ரெண்டாவது வால்வு. நாங்கள் ரெண்டாவதை முதல் இறுக்கி 40 பாருக்குக் கொண்டந்திட்டுத்தான் முதலாவதை இறுக்கி மொத்தம் 200 ஆக்கிறது. ஸ்ராட் பண்ணேக்க ரெண்டும் தளர்வா இருக்கோணும், காத்துப் போகுமட்டும் பிரஷர் கேஜின்ர முள்ளு ஆடும், அது அடங்காம இறுக்கவே கூடாது.

முதல் வருசம் மாரியில கரண்ட் போய்ப் போய் வந்துது. ஒருநாள் பால் தாங்கியில நிண்டு 40 பாகைக்குக் கீழ ஆறீட்டுது, சூடாக்காம அப்பிடியே ஓட்டினம், கேஜ் வடிவா 200 காட்டினது, ஆனா அந்த பட்ச் முழுக்க வளையம் கட்டித் திரும்பி வந்துது. கொழுப்பு இறுகத் தொடங்கினா என்ன பிரஷர் குடுத்தும் ஒழுங்கா உடையாது. இப்ப 65 பாகையில இல்லாட்டி மோட்டரைத் தொடுறதே இல்லை. இன்னொருக்கா பச்சைப் பாலை ஓட்டி முடிக்கவும் கரண்ட் போச்சு, பாஸ்சரைஸ் பண்ணாமக் கிடந்திட்டுது, பிறகு வாயில வச்சா சவர்க்காரக் கைப்பு. பாலில இயற்கையா இருக்கிற லைப்பேஸ் நொதியத்துக்கு உடைஞ்ச கொழுப்பு எண்டா லேசான தீனி. 180 லீற்றர் ஊத்தினம், எனக்கு இண்டைக்கும் அந்த நாளை நினைச்சா மனம் பொறுக்காது, விடிய 4 மணிக்கு எழும்பிக் கறந்து சைக்கிளில கொண்டந்து தந்த பால் அது.

மூண்டாம் வருசம் திரும்பவும் வளையம். சூடு சரி, முள்ளும் 200. வால்வைக் கழட்டினா இருக்கையில (வால்வு வந்து அமருற வளையம்) கோடு கோடாத் தேய்ஞ்சிருக்கு, வடி சரியில்லாம நுண்மணல் போயிருக்கு. தேய்ஞ்சாலும் இறுக்கினா பிரஷர் ஏறும், பால் மட்டும் அந்தக் கோட்டுக்குள்ளால உடையாம நழுவீடும். அதுக்குப் பிறகு கேஜை மட்டும் நம்புறேல்ல, கிழமைக்கு ஒருக்கா ஒரு லீற்றர்ப் போத்திலை 48 மணித்தியாலம் பிரிட்ஜில அசையாம வச்சு, மேல 100 மில்லியை எடுத்து அதிலயும் மிச்சத்திலயும் கொழுப்புப் பாக்கிறம், பத்து வீதத்துக்கு மேல வித்தியாசம் வந்தா வால்வைக் கழட்டுறது. எங்கட கிணத்துத் தண்ணியில சுண்ணாம்பு கூட, பிளஞ்சரைக் குளிராக்கிற தண்ணியில வெள்ளை படிஞ்சு பக்கிங்கை (பிளஞ்சரைச் சுத்தி ஒழுக்கை மறிக்கிற வளையம்) திண்டிட்டுது, இப்ப மழைத்தண்ணி பிடிச்சு விடுறம்.

கரண்ட் திறீ பேஸ் வேணும், மோட்டர் 5.5 குதிரைவலு. பெரும்பங்கு சூடாத்தான் போகுது, பால் 4, 5 பாகை கூடி வெளிய வரும்.

ஆடை கட்டேல்ல எண்டா கொழுப்பை எடுத்திட்டினம் எண்டு சனம் நினைக்குது. பால் தாற ஒரு அம்மாவே "ஆடை எங்க தம்பி" எண்டு கேட்டவ. மெசினில விட்டது, விடாதது ரெண்டு போத்திலையும் அவவுக்கு முன்னால வச்சுக் கொழுப்புப் பாத்துக் காட்டினன், ரெண்டிலயும் ஒரே அளவு. தேத்தண்ணிக்கு விட்டா இந்தப் பால் இன்னும் வெள்ளையாத் தெரியும், கடைக்காரருக்கு அது நல்ல விருப்பம். எருமைப் பாலை மட்டும் இதுக்குள்ளால விடுறேல்ல, சட்டித் தயிருக்கு அந்த ஆடைதான் வடிவு.

பழசு வேண்டப் போறவை, ஓட்டிக் காட்டினதோட காசைக் குடுக்காதேங்கோ. ரெண்டு வால்வையும் கழட்டச் சொல்லி இருக்கையை நகத்தால தடவிப் பாருங்கோ, கோடு தட்டுப்பட்டா அதே சைஸில புது இருக்கை கொழும்பில எடுக்கலாமோ எண்டு விசாரிச்சிட்டு விலை பேசுங்கோ.