முன்னோர் பத்திரங்களில் நிலமதிப்பு: பவுன் கணக்கு, நெல் கணக்கு, தீர்வைக் கணக்கு

தஞ்சைப் பகுதியில் காவிரிப் பாசன ஊர் ஒன்றில் இருந்த எங்கள் குடும்ப நிலங்கள் எப்போது, யாரிடமிருந்து, என்ன தொகைக்குக் கைமாறின என்பதைக் கிரயப் பத்திரங்கள், ஒத்திப் பத்திரங்கள் (நிலத்தை அனுபவிக்க ஒப்படைத்துக் கடன் பெற்றவை), பதிவு அலுவலக நகல்கள் ஆகியவற்றைக் கொண்டு பல ஆண்டுகளாகத் தொகுத்து வருகிறேன். தொகையை வாசிப்பது எளிது. அத்தொகை அன்றைக்கு எவ்வளவு பெரியது என்று சொல்வதுதான் கடினம். அதற்காக நான் கையாண்ட அளவுகோல்களில் எவை உதவின, எவை ஏமாற்றின என்பதே இந்த அனுபவப் பகிர்வு.

எல்லாரும் முதலில் எடுப்பது பவுன் கணக்கு. 1899-ஆம் ஆண்டுச் சட்டம் பிரிட்டிஷ் பவுன் காசை 15 ரூபாய்க்குச் செல்லுபடியாக்கியதால், முதல் உலகப்போர் தொடங்கும் வரையிலான பத்திரங்களுக்கு ஒரே வகுத்தலில் விடை கிடைத்துவிடும். எங்களிடம் உள்ள 1912-ஆம் ஆண்டுக் கிரயத்தில் 12 மா நஞ்சை, அதாவது ஏறத்தாழ 4 ஏக்கர், 1,800 ரூபாய்க்கு விற்கப்பட்டிருக்கிறது. அது 120 பவுன். இன்றைய தங்க விலையால் பெருக்கிப் பார்க்கும் உறவினர்கள் பெருமூச்சு விடுகிறார்கள். அந்தப் பெருமூச்சுக்கு அப்பால் இக்கணக்கால் எனக்குக் கிடைத்த பயன் குறைவு. இன்று அத்தொகைக்கு என்ன வாங்கலாம் என்று அது சொல்கிறதே தவிர, அன்று அந்தக் குடும்பத்துக்கு அது என்னவாக இருந்தது என்று சொல்வதில்லை.

அதே பத்திரத்தின் உட்பகுதியை நிதானமாக வாசித்தபோதுதான் விஷயம் விளங்கியது. 1,800 ரூபாயில் பெரும்பகுதி முந்தைய பிராமிசரி நோட்டின் அசலுக்கும் வட்டிக்கும் வரவு வைக்கப்பட்டிருந்தது. இன்னொரு பகுதி வேறொருவருக்கு இருந்த ஒத்தியைத் தீர்ப்பதற்காக வாங்குபவரிடமே விடப்பட்டிருந்தது. சப்-ரிஜிஸ்திரார் முன்னிலையில் ரொக்கமாகப் பெற்றது 200 ரூபாய் மட்டுமே. ஆகவே 120 பவுன் யார் கைக்கும் வரவில்லை. பழைய கிரயத்தைப் படிக்கும் எவரும் மொத்தத் தொகையை விட்டுவிட்டு, "பற்றிக்கொண்ட விவரம்" என்ற பகுதிக்கு முதலில் செல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

விலை நியாயமானதா என்று அறிய, அக்கம்பக்கத்துக் கிரயங்கள் தேவை. பதிவுச் சட்டப்படி அசையாச் சொத்து ஆவணங்கள் முதலாம் புத்தகத்தில் நகலெடுக்கப்படுகின்றன. அதற்கு முதல் அட்டவணை ஆட்களின் பெயர்வாரியாகவும், இரண்டாம் அட்டவணை சொத்துவாரியாகவும் இருக்கும். வாரிசுத் தேடலுக்கு முதல் அட்டவணையும், விலை ஒப்பீட்டுக்கு இரண்டாம் அட்டவணையும் பயன்படுகின்றன. உரிய கட்டணம் செலுத்தினால் இப்புத்தகத்தின் நகலை யாரும் பெறலாம். இணையத்தில் கிடைக்கும் வில்லங்க விவரம் பிற்காலப் பதிவுகளுக்கே உதவும். நூற்றாண்டுக்கு முந்தையவற்றைக் கையால் புரட்டித்தான் எடுத்தாக வேண்டும். நான் சென்ற ஓர் அலுவலகத்தில் எனக்கு வேண்டிய ஆண்டின் அட்டவணையே பொடிந்துபோயிருந்தது. ஆயினும் கிடைத்த நகல்களிலிருந்து, அதே வாய்க்காலில் பாயும் பக்கத்து நிலம் அடுத்த ஆண்டில் மா ஒன்றுக்கு 210 ரூபாய்க்கு விலைபோனது தெரிந்தது. எங்களுடையது 150. கடன் நெருக்கிய விற்பனை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

இரு நிலங்களும் ஒரே தரமா என்று உறுதிசெய்யத் தீர்வைக் கணக்கு, அதாவது நிலவரிக் கணக்கு, கைகொடுக்கிறது. அரசு உழவரிடமே நேரடியாக வரி வாங்கிய ரயத்துவாரி முறையில் நிகர விளைச்சலில் பாதி என்ற கொள்கையின்படி தீர்வை விதிக்கப்பட்டது. மண்ணின் தரமும் பாசன வசதியும் அதில் அடங்கும். இவ்வாறு தீர்வை விதித்ததைப் பதிந்த செட்டில்மெண்ட் பதிவேட்டில் சர்வே எண்ணுக்கு நேரே தரமும் தீர்வையும் இருக்கும். சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இதற்குச் செல்ல வேண்டிய இடம். தீர்வையை வைத்து நிலத்தின் முழு மதிப்பைக் கணிக்க முயல்வது வீண். இரண்டு நிலங்களை ஒப்பிட மட்டும் அதைப் பயன்படுத்தினால் ஏமாற்றாது.

குடும்பத்தின் வாழ்க்கையைப் புரிந்துகொள்ள நான் மிகவும் நம்புவது நெல் கணக்கையே. பத்திரத் தொகையை அதே ஆண்டின் நெல் விலையால் வகுத்து, எத்தனை கலம் (பழைய நெல் அளவை) என்று எழுதிக்கொள்கிறேன். 1930-களுக்கு இது இன்றியமையாதது. உலகப் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. 1931-இல் பிரிட்டன் தன் நாணயத்தைத் தங்கத்தோடு பிணைத்திருந்த முறையைக் கைவிட்ட பின் தங்கத்தின் விலையோ ஏறியது. ஆகவே 1933-ஆம் ஆண்டுக் கிரயம் ஒன்று பவுனில் அற்பமாகவும் நெல்லில் பெருந்தொகையாகவும் தோன்றும். கடனை நெல் விற்று அடைத்தவருக்கு உண்மையான பாரம் நெல்லில்தான் இருந்தது. மேலும், 1938-ஆம் ஆண்டின் சென்னை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் 1932 அக்டோபர் 1-க்கு முந்தைய கடன்களின் நிலுவை வட்டியைத் தள்ளுபடி செய்தது. அதன்பின் கடன் தீர்க்க எழுதிய பைசல் பத்திரங்களில் தொகை திடீரெனச் சுருங்கியிருந்தால், நிலம் மலிந்துவிட்டது என்று பொருள் கொள்ளலாகாது.

கிரயத்தையும் ஒத்தியையும் எதிரெதிரே வைத்தால், நான் ஒத்தியையே நம்புவேன். கிரயத்தில் முத்திரைத் தீர்வையைக் குறைக்கத் தொகையைத் தாழ்த்தி எழுத இருவருக்கும் வசதி உண்டு; கடன் கொடுத்தவரோ தன் பணம் ஒரு ரூபாய் குறைவாக எழுதப்படுவதற்கு இசையமாட்டார். சந்தை மதிப்பைப் பதிவு அதிகாரி கேள்வி கேட்க வழிசெய்யும் 47-அ பிரிவு முத்திரைச் சட்டத்தில் நம் மாநிலத்தில் 1967-ஆம் ஆண்டுத் திருத்தத்தால்தான் வந்தது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

99 ரூபாய்க்கு எழுதிய கிரயச் சீட்டுகளைக் கண்டால் தனியே எடுத்து வைக்கவும். 100 ரூபாய்க்குக் குறைந்த நிலத்தைப் பதிவில்லாமல் சுவாதீனம் ஒப்படைத்தே மாற்ற 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றச் சட்டம் இடமளித்தது. ஆதலால் அந்தத் தொகை விலையைவிடப் பதிவைத் தவிர்க்கும் எண்ணத்தையே காட்டக்கூடும். இத்தகைய கைமாற்றங்களைப் பதிவு அட்டவணையில் தேடிப் பயனில்லை. வீட்டிலுள்ள பழைய தீர்வை ரசீதுகளில் பெயர் மாறிய ஆண்டைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.