கொழிஞ்சாம்பாறை வார இறுதிக் கால்பந்து வகுப்பு: தடுப்பாட்டம் முதல் தரம், தாக்குதல் பாதிதான்

கேரள-தமிழக எல்லையோரம், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் 12 முதல் 16 வயதுப் பிள்ளைகளுக்கு நடக்கும் சனி, ஞாயிறு கால்பந்து வகுப்பில் பிள்ளையைச் சேர்க்கலாமா என்று வேலந்தாவளம், கோபாலபுரம், பொள்ளாச்சி வரை விசாரிக்கிறார்கள். தாராளமாகச் சேர்க்கலாம். பந்து தன் காலில் இல்லாதபோது எங்கே நிற்க வேண்டும் என்பதை இவ்வளவு பொறுமையாகச் சொல்லித்தரும் இடம் இந்த எல்லையில் அரிது. பந்து கிடைத்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் வகுப்பு தடுமாறுகிறது.

இங்கே பாடத்துக்கு அடிப்படை ஸ்டீவ் கோப்பல். 2016 ஐஎஸ்எல்லில் (இந்தியன் சூப்பர் லீக்) கேரளா பிளாஸ்டர்ஸ் அணிக்குப் பயிற்சியாளராக இருந்த ஆங்கிலேயர். முதல் இரண்டு ஆட்டங்களையும் தோற்ற அணி அது. லீக் சுற்றில் போட்ட கோலைவிட வாங்கிய கோல் அதிகம். இருந்தும் இரண்டாம் இடம். டிசம்பர் 18 அன்று கொச்சி இறுதியாட்டத்தில் ரஃபி தலையால் முட்டிய கோலில் முன்னிலை பெற்று, 1-1 ஆகி, பெனால்டியில் கொல்கத்தாவிடம் தோற்றது. நான்கு பேர் கொண்ட இரண்டு வரிசைகள் கலையாமல் நின்றதுதான் அந்த அணியை அவ்வளவு தூரம் கொண்டுபோனது.

நம் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது கட்டாயம் வேண்டிய பாடம். அணிக்கு ஏழு பேர் ஆடும் செவன்ஸ் ஆடி வளர்ந்தவர்களுக்குக் காலில் வித்தை இருக்கும். ஆனால் செவன்ஸில் ஆஃப்சைடு (தடுப்பு வரிசையைத் தாண்டி முன்னால் நின்று பந்து வாங்கக் கூடாது என்ற விதி) பார்ப்பதில்லை என்பதால், எதிரணி ஸ்ட்ரைக்கர் போகிற இடமெல்லாம் பேக்கும் (தடுப்பாளரும்) பின்னாலேயே போய்ப் பழகியிருப்பார். பதினோரு பேர் ஆட்டத்தில் அப்படிப் போனால் எதிரணி முழுக்க ஆன்சைடு ஆகிவிடும், அதாவது ஆஃப்சைடில் சிக்காது. நடுக்களத்துக்கும் பேக் வரிசைக்கும் இடையில் பெரிய பள்ளமும் விழும்.

இதற்கு இங்கே கயிறு கட்டுகிறார்கள். நான்கு பேக்குகளின் இடுப்பில், பக்கத்துப் பக்கத்தில் நிற்கும் இருவருக்கு நடுவே சுமார் 8 மீட்டர் கயிறு. எதிரே ஐந்து கோன். பயிற்சியாளர் ஒரு கோனைக் காட்டியதும் அதற்கு நெருங்கியவர் முன்னேற வேண்டும், மற்ற மூவரும் அவர் பின்னால் சாய்வாக நெருங்க வேண்டும். பிறகு 10, 12 மீட்டர் முன்னால் மிட்ஃபீல்டு வரிசை சேரும். அதன் பிறகே பந்து வரும். அதுவும் முதலில் ஷாட் இல்லாமல், பாஸ் மட்டும். வழக்கமாகத் தப்பு செய்வது தூரத்து ஓரத்தில் இருக்கும் பேக். உள்ளே வராமல் தன் கோட்டிலேயே நிற்பார், கயிறு இழுக்கும்போதுதான் உணர்வார். கயிறை அவிழ்த்ததும் பழைய புத்தி திரும்பும். திட்டாமல் மறுபடி கயிறைக் கட்டுகிறார்கள். மிகச் சரியான முறை.

வருத்தம் எங்கே என்றால், கோப்பலை வெறும் தடுப்புக்காரராக மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். 2005-06இல் அவர் பயிற்றுவித்த இங்கிலாந்தின் ரெடிங் அணி 46 ஆட்டங்களில் 106 புள்ளி எடுத்தது. தோல்வி இரண்டே, வாங்கிய கோல் 32, போட்ட கோல் 99! அவரே ஆடிய காலத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டின் வலது விங்கர் (ஓரமாக ஓடித் தாக்குபவர்). 1977 எஃப்ஏ கோப்பையை வென்ற அணியில் ஆடியவர். அவர் பெயரைச் சொல்லும் வகுப்பில் விங்கர்களுக்குத் தனிப் பயிற்சி இல்லை என்பதை ஏற்க முடியவில்லை. இரண்டு மணி நேரத்தில் கிராஸுக்கு (ஓரத்திலிருந்து கோல் முன்னால் பந்து போடுவதற்கு) கடைசிக் கால் மணி நேரம்தான், அதுவும் உயரப் பந்து. மார்கழி, தையில் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கும் கிழக்குக் காற்றில் உயரப் பந்து எங்கே இறங்கும் என்று போட்டவருக்கே தெரியாது. பெனால்டி பாக்ஸின் ஓரம் வரை ஓடி, தரையோடு பின்னோக்கி வெட்டிக் கொடுக்கும் பாஸைத்தான் இந்த மைதானத்தில் முதலில் பழக்க வேண்டும்.

முழங்கால் விஷயத்தில் இன்னும் கண்டிப்பு தேவை. 1981இல் ஹங்கேரிக்கு எதிரான ஆட்டத்தில் பட்ட அடியால் கோப்பல் 28 வயதில் ஆட்டத்தையே விட்டார். 1984இல் கிரிஸ்டல் பேலஸ் அணிக்கு மேனேஜர் ஆனது அதன் பிறகு. வகுப்பில் ஃபிஃபா 11+ என்ற காயத் தடுப்பு வார்ம்-அப் செய்வதாகச் சொல்கிறார்கள். அது 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களுக்கானது. 20 நிமிடம், 15 பயிற்சிகள். இங்கே 8 நிமிட ஓட்டமும் கடைசி 2 நிமிட வேக ஓட்டமும் நடக்கின்றன. நடுவிலுள்ள 10 நிமிட வலு, சமநிலைப் பயிற்சியைத் தாண்டிவிடுகிறார்கள். முழங்காலைக் காப்பதில் பெரிய பங்கு அதற்குத்தான். சிறியவர்களுக்குத் தனியாக உள்ள சிறுவர் வார்ம்-அப்பும் இல்லை. சேர்க்கும்போதே இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

பந்து, கோன், பிப் (அணி பிரிக்கும் மேல்சட்டை) அவர்கள் தருவார்கள். ஷின் கார்டும் ஷூவும் நம் செலவு. தரை காய்ந்து இறுகிய மண், அதனால் நீளமான பிளேடு ஸ்டட் வாங்க வேண்டாம். தரையில் சிக்கி முழங்கால் திரும்பிவிடும். சின்னச் சின்ன ரப்பர் குமிழ் உள்ள டர்ஃப் ஷூ போதும். பங்குனி, சித்திரையில் காலை வகுப்பையே கேளுங்கள், மாலை நான்கு மணிக்கும் அந்த மண் சுடும்.

பேக், டிஃபென்சிவ் மிட்ஃபீல்டர் ஆக விரும்பும் பிள்ளைக்கு யோசிக்காமல் பெயர் கொடுக்கலாம். விங்கில் ஆடுகிற பிள்ளையானால், வாரத்தில் இன்னொரு நாள் கிராஸும், எதிரே நிற்கும் தடுப்பாளரைத் தனியாகத் தாண்டும் பயிற்சியும் வேறெங்காவது தனியாக ஏற்பாடு செய்துகொண்டு இங்கே அனுப்புங்கள்.