கோத்தகிரி லேப்டாப் கடை: எஸ்எஸ்டி மாற்றி மின்ட் போட்ட கதை

கோத்தகிரி பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு நிமிட ஏற்றம், ஒரு மாடிப்படி, மேலே ஒரே அறை. பெயர்ப்பலகை என்று பார்த்தால் ‘லேப்டாப் மொபைல் சர்வீஸ்’ என்று வெளுத்துப்போன ஃபிளக்ஸ்தான். என் லேப்டாப்பில் ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி எஸ்எஸ்டி (சுழலும் தட்டு இல்லாத வேகமான டிஸ்க்) மாட்டி, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் என்கிற இலவச ஓஎஸ்ஸை, அதாவது மெஷினை இயக்கும் மென்பொருளை, ஏற்றிக் கொடுத்த கடை இது. ஐந்துக்கு நாலு கொடுப்பேன்.

லேப்டாப் 2017இல் வாங்கியது, இன்டெல் ஐ3 ப்ராசஸர், ஆறாம் தலைமுறை. விண்டோஸ் 10க்கு வழக்கமான அப்டேட் 2025 அக்டோபர் 14ஓடு நின்றுவிட்டது. விண்டோஸ் 11 போடலாம் என்றால் அது இன்டெலில் எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்பு வசதியும் கேட்கிறது. அதற்கு முன்பே மெஷின் படுத்துத்தான் இருந்தது. காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ வைத்து, குடித்து, டம்ளரையும் கழுவிக் கவிழ்த்த பிறகுதான் டெஸ்க்டாப் வரும். கீழே சமவெளியில் ஒரு கடையில் காட்டினேன். “புதுசு வாங்கிருங்க மேடம், இல்லேன்னா லெவனைக் க்ராக் பண்ணிப் போட்டுத் தர்றேன், அரை மணி நேரம்” என்றார்கள். அரையாண்டு வினாத்தாள் மொத்தமும் இருக்கிற மெஷினில் க்ராக்கா, வேண்டாம் சாமி என்று குஞ்சப்பனை மலைப்பாதை வழியாக ஏறி வந்துவிட்டேன்.

இங்கே கடைத் தம்பி யாரிடமோ ஃபோனில் படுகு மொழியில் பேசிக்கொண்டே லேப்டாப்பைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஃபோனை வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, “பழைய டிஸ்க்ல என்ன இருக்கு டீச்சர்? தமிழ் எதுல டைப் பண்றீங்க?” எனக்கு அந்த இடத்திலேயே நம்பிக்கை வந்துவிட்டது. ஏனென்றால் என்னிடம் இருக்கும் பழைய வினாத்தாள் பாதிக்கு மேல் பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்த எழுத்துரு இல்லாத மெஷினில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாக என்னவோ பூச்சி ஊர்ந்த மாதிரி தெரியும். ஃபைலை மட்டும் காப்பி செய்துவிட்டு எழுத்துருவை விட்டுவிட்டால் ஆறேழு வருஷ உழைப்பு இருந்தும் இல்லாத கதைதான்.

பின்பக்கத்தைக் கழற்றும்போது ஒரு ஸ்க்ரூ துருப்பிடித்து, தலை மழுங்கி, ஸ்க்ரூடிரைவர் சும்மா சுற்றியது. மேசை டிராயரிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து ஸ்க்ரூ மேல் அகலமாக வைத்து, அதன்மேல் ஸ்க்ரூடிரைவரை அழுத்தித் திருப்பினார், பிடி கிடைத்து வந்துவிட்டது. “மலைல எல்லா லேப்டாப்பும் இப்படித்தான் டீச்சர், மூடுபனி உள்ளே போய் உட்கார்ந்துக்கும்” என்று காற்றாடியின் ஓரத்தில் படிந்திருந்த பூஞ்சையைப் பிரஷ்ஷால் தட்டிக் காட்டினார். எத்தனை மாசமாக அந்தக் காற்றை மூச்சு விட்டுக்கொண்டிருந்தேனோ.

என் மதர்போர்டில் புது வகை டிஸ்க்குக்கான எம்.2 ஸ்லாட் கிடையாது, பழைய சாட்டா இணைப்புதான். அதனால் இன்னும் வேகமான, விலை கூடின என்விஎம்இ வகை எஸ்எஸ்டி வாங்கினாலும் மாட்ட இடமில்லை என்று முன்கூட்டியே சொல்லிவிட்டார். சாட்டா எஸ்எஸ்டி விநாடிக்கு 550 எம்பி அளவோடு நின்றுவிடும், இருந்தாலும் சுழலும் பழைய டிஸ்க்குக்கு அது எங்கேயோ. 480 ஜிபி, மூவாயிரத்துச் சொச்சம்.

ஓஎஸ் போட்ட பகுதியைப் பற்றிச் சொல்லப் பெரிதாக எதுவுமில்லை. திரும்ப விண்டோஸ் 10 போட்டாலும் லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியிருப்பதால் காசு கேட்காது என்று அவரே சொன்னார், நான்தான் லினக்ஸ் மின்ட் 22 போதும் என்றேன், அதற்கு 2029 வரை அப்டேட் உண்டு. முதலில் நிறுவாமல் பென் டிரைவிலிருந்தே ஓட்டி, வைஃபை, சத்தம், கேமரா மூன்றையும் என்னையே பார்க்கச் சொன்னார். கீபோர்டு பட்டியலில் தமிழ்99ஐச் சேர்த்து ஒரு வரி அடிக்கவும் சொன்னார். அப்புறம்தான் நிறுவல். பழைய டிஸ்க் அந்த நேரம் முழுக்க மேசைமேல் தனியாகக் கிடந்தது, தெரியாமல் கை பட்டு அழிய வழியே இல்லை. ஊர் கேட்கும் இடத்தில் கொல்கத்தா என்று வந்தது, இந்திய நேரத்துக்கு அதில் அந்தப் பெயர்தானாம், மாற்ற வேண்டாம். பாதியில் கரண்ட் போனது, எங்கேயோ லைனில் மரம் சாய்ந்திருக்கும். என் பேட்டரி செத்து ஒரு வருஷம் ஆகிறது, ஆனால் கடையில் யூபிஎஸ் இருந்ததால் தப்பித்தோம். நிறுவ மொத்தம் இருபது நிமிஷம். பிறகு பழைய டிஸ்க்கை யூஎஸ்பி கேசிங்கில் போட்டு, விண்டோஸின் ஃபான்ட்ஸ் ஃபோல்டரிலிருந்து பாமினியை எடுத்து மின்ட்டில் சேர்த்து, எட்டாம் வகுப்பு தமிழ்த் தாள் ஒன்றைத் திறந்து காட்டிய பிறகுதான் எழுந்திருக்க விட்டார், அதற்கு ஒன்றரை மணி நேரம். சர்வீஸ் சார்ஜ் 700 ரூபாய். வேர்டில் போட்ட அட்டவணைகள் மின்ட்டோடு வரும் லிப்ரே ஆபீஸில் கொஞ்சம் நகர்ந்திருந்தன, வீட்டில் உட்கார்ந்து நானே சரி செய்துகொண்டேன்.

ஒரு மார்க் குறைத்ததற்குக் காரணம் இருக்கிறது. சொன்ன நாளில் போனால் கடை பூட்டியிருந்தது, மழையில் குடையோடு படியில் முக்கால் மணி நேரம். பில் கேட்டால்தான் தருகிறார். பிரிண்டர் டிரைவருக்காக இரண்டு தடவை இறங்கி ஏறினேன், அதையும் முதல் நாளே கேட்டிருந்தால் பிரிண்டரின் மாடல் எண்ணைச் சொல்லியிருப்பேன்.

இப்போது சுவிட்சைப் போட்டால் அரை நிமிஷத்துக்குள் வந்துவிடுகிறது, டீ மட்டும் பழைய நேரம்தான். பழைய டிஸ்க் செருப்புப் பெட்டியில் வந்த சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு டப்பாவில், பீரோவில் இருக்கிறது. போகிறவர்கள் சார்ஜரையும் கையோடு எடுத்துக்கொண்டு, ஃபோன் செய்துவிட்டுப் போங்கள். முதல் தடவை எடுக்க மாட்டார், ஆனால் சாயங்காலத்துக்குள் அவரே திரும்பக் கூப்பிடுவார்.