புது கிராங்க் என்று விற்றார்கள், திருப்பிப் பார்த்தால் 2018

கோயம்புத்தூர் பக்கம் ரோடு பைக் வகைச் சைக்கிள் ஓட்டுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். கடந்த சில மாதங்களில் 'பெட்டி பிரிச்ச பீஸ்', 'ஆர்டர் கேன்சல் ஆன பீஸ்' என்று சொல்லி யாராவது உங்களுக்கு ஷிமானோ நிறுவனத்தின் அல்டெக்ரா கிராங்க் (பெடல் மாட்டும் இரண்டு கைகளும் முன் பல் சக்கரமும் சேர்ந்த பாகம்) விற்றிருந்தால், இதைப் படித்து முடித்த பிறகு வண்டியை எடுங்கள். புகார் நடந்துகொண்டிருப்பதால் கடையின் பெயரை எழுதவில்லை. பெயர் தெரிந்தால் ஒரு கடையைத்தான் தவிர்ப்பீர்கள். எதைத் திருப்பிப் பார்க்க வேண்டும் என்று தெரிந்தால் எந்தக் கடையிலும் தப்பிக்கலாம்.

பணம் என் அத்தை கொடுத்தது. பொள்ளாச்சிப் பக்கம் அரசுப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். நிலுவைத் தொகை மொத்தமாகக் கைக்கு வந்ததும், பொங்கலுக்கு எங்களையெல்லாம் கூப்பிட்டு ஆளுக்கு 50,000 ரூபாய் கொடுத்தார். என் கையில் கவரை வைக்கும்போது, "கடன் கட்டறேன், வீட்டுக்கு வாங்கறேன்னு கரைச்சுறாத கண்ணு. சைக்கிள் சைக்கிள்னு திரியறயே, அதுக்கே செலவு பண்ணு" என்றார். முப்பது வருடத்துக்கு மேல் பஸ்ஸில் போய்ப் பாடம் நடத்திச் சேர்த்த பணம். அதனால்தான் இந்தக் கோபம் எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

அந்தப் பணத்தை எப்படிச் செலவு செய்வது என்று நிறைய யோசித்தேன். என் வண்டி அலுமினியம் ஃபிரேம், 11 ஸ்பீடு ஷிமானோ 105 பாகங்கள் (அல்டெக்ராவுக்கு ஒரு படி கீழான ரகம்). ஓட்டுவதற்கு ஒரு குறையும் இல்லை. கார்பன் வீல், பவர் மீட்டர் என்று ஆசைப்பட ஆயிரம் இருக்கிறது. ஆனால் எனக்கு இந்த வருடம் நீண்ட தூர பிஆர்எம் (நேர வரம்புக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூரச் சைக்கிள் பயணம்) ஓட்ட வேண்டும். 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணி நேரத்தில் முடிக்க வேண்டும், அதைப் பகலிலேயே முடித்துவிடலாம். 300க்கு 20 மணி நேரம், 400க்கு 27 மணி நேரம். அங்கே இரவு ஓட்டாமல் முடியாது. ஆகவே நல்ல முன் விளக்கு, நல்ல டயர், ஒழுங்கான பைக் ஃபிட் (சீட்டையும் ஹேண்டிலையும் உடம்புக்கு ஏற்றபடி அமைப்பது), மிச்சத்தில் பிஆர்எம் கட்டணமும் போக்குவரத்துச் செலவும் என்று முடிவு செய்தேன். இப்போதும் அது சரியான கணக்கு என்றுதான் நினைக்கிறேன். நீண்ட தூரம் போகிறவர்களுக்கு உடம்பு தொடுகிற இடமும் ரோடு தொடுகிற இடமும் முதலில், மற்றதெல்லாம் அப்புறம்.

கடையில் உட்கார்ந்ததும் உரிமையாளர் கேட்ட முதல் கேள்வி, "பட்ஜெட் எவ்வளவுங்க தம்பி?" அத்தை கொடுத்த பணம், 50,000 இருக்கிறது, இவ்வளவுதான் தேவை என்று சொன்னேன். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய பேச்சு முழுக்க மிச்சப் பணத்தைச் சுற்றியே போனது. "கிஃப்ட் பணத்துல டயர் வாங்குவாங்களா? என்னைக்கும் வண்டியில நிக்கற மாதிரி ஒண்ணு வாங்கோணுமுங்க" என்று உள்ளே போய் ஒரு கிராங்கை எடுத்து வந்தார். அல்டெக்ரா ஆர்8000. பெங்களூரில் ஒருவர் ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்கவில்லையாம், பெட்டி மட்டும் கிழிந்துவிட்டதாம். 14,500 ரூபாய். என் பழைய 105 கிராங்கைக் கொடுத்தால் 2,000 கழித்துக்கொள்வதாகச் சொன்னார்.

புதுசுதானா என்று கேட்டேன். "கை படாத பீஸுங்க" என்றார். பார்ப்பதற்கும் அப்படித்தான் இருந்தது. கிராங்கின் இரண்டு கைகளின் முனையிலும் புது ரப்பர் கவர் மாட்டியிருந்தது. கல் அடிக்காமல் இருக்க இலவசமாகப் போட்டிருக்கிறோம் என்றார்கள். அந்த ரப்பர் கவர் எதை மறைத்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

பில் கேட்டேன். "ஜிஎஸ்டி போட்டா 18 பர்சன்ட் ஏறுமுங்க, எதுக்குங்க வீணா?" என்றார். இது பொய். 2025 செப்டம்பர் 22 முதல் சைக்கிளுக்கும் அதன் உதிரி பாகங்களுக்கும் ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். அதற்கு முன்புகூட 12 சதவீதம்தான் இருந்தது. வரி போட்டே கொடுங்கள் என்றேன், கணினி வேலை செய்யவில்லை, வாட்ஸ்அப்பில் அனுப்புகிறோம் என்று ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். அதில் 'கிராங்க் புதுசு' என்று பேனாவில் எழுதியிருந்தது. கீழே 'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்று ரப்பர் ஸ்டாம்ப். வாட்ஸ்அப் பில் இன்றுவரை வரவில்லை.

பைக் ஃபிட் என்று 4,000 ரூபாய் வாங்கினார்கள். சீட்டை ஏற்றி இறக்கி, முழங்காலைக் கண்ணால் பார்த்து, டீ வருவதற்குள் முடித்துவிட்டார்கள். ஒரு அளவும் குறித்துத் தரவில்லை. டயரும் விளக்கும் பரவாயில்லை.

வண்டி கைக்கு வந்து கொஞ்ச நாளிலேயே, மருதமலைப் பக்கம் ஏற்றத்தில் நின்று மிதிக்கும்போது இடது பக்கம் 'கிர்ரக் கிர்ரக்' என்று சத்தம். கடைக்குப் போனால் "புது பார்ட் செட் ஆகோணுமுங்க, ஓட்ட ஓட்டச் சரியாயிரும்" என்று திருப்பி அனுப்பினார்கள். சத்தம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் சிங்காநல்லூரில் சின்னதாகக் கடை வைத்திருக்கும் ஒரு மெக்கானிக் அண்ணனிடம் கொண்டு போனேன். அதிகம் பேசமாட்டார். வண்டியை ஸ்டாண்டில் மாட்டி, இடது கிராங்கைக் கையால் ஆட்டிப் பார்த்துவிட்டு, "இதக் கழட்டிப் பாக்கலாமுங்களா?" என்று மட்டும் கேட்டார்.

இந்த வகைக் கிராங்கில் இடது கையை ஆக்ஸிலோடு (இரண்டு கைகளையும் இணைக்கும் தண்டு) பிடித்து வைப்பது இரண்டு போல்ட். இரண்டையும் மாற்றி மாற்றி, 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை முறுக்க வேண்டும். நடுவில் கை வெளியே நழுவாமல் இருக்க ஒரு சின்னத் தகடு உண்டு, அதை அழுத்தி உட்கார வைக்க வேண்டும். என் வண்டியில் ஒரு போல்ட் விரலாலேயே திரும்பியது. அந்தத் தகடு மேலே தூக்கியபடி நின்றது. இதோடு வால்பாறைக்குப் போயிருந்தால்? ஆழியாறிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவு. இறங்கும்போது இரண்டு பெடலிலும் உடம்பின் முழு எடையையும் போட்டுத்தான் நிற்போம். அதில் ஒரு பக்கம் கழன்றால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

அதற்குமேல் உள்ளதுதான் பெரிய விஷயம். கழற்றிய ஆக்ஸிலில் பேரிங் உட்கார்ந்து தேய்ந்த இரண்டு வளையத் தடங்கள் இருந்தன. இவ்வளவு கொஞ்ச ஓட்டத்தில் அவ்வளவு ஆழமாகத் தேயாது என்றார். பிறகு ரப்பர் கவரை உருவினார். முனையில் ஷூ உரசிப் பெயின்ட் போன இடத்தை மார்க்கர் வைத்துக் கறுப்பாக்கியிருந்தார்கள். கையைத் திருப்பி, பெடல் மாட்டும் ஓட்டைக்குப் பின்புறம் டார்ச் அடித்துக் காட்டினார். இரண்டு ஆங்கில எழுத்துகள்: க்யூ, டி.

அந்த இரண்டு எழுத்தும் தயாரித்த தேதி. முதல் எழுத்து வருடம், இரண்டாவது மாதம். கே என்றால் 2012, எல் 2013, எம் 2014, என் 2015, ஓ 2016, பி 2017, க்யூ 2018, ஆர் 2019, எஸ் 2020 என்று அப்படியே தொடரும். மாதம், ஏ ஜனவரியில் தொடங்கி எல் டிசம்பர் வரை. என்னுடையது 2018 ஏப்ரல்.

பழசு என்பதோடு முடிந்திருந்தால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்கமாட்டேன். 2023 செப்டம்பரில் ஷிமானோ உலக அளவில் ஒரு பரிசோதனை அறிவிப்பு வெளியிட்டது. 2012 ஜூன் முதல் 2019 ஜூன் வரை தயாரான 11 ஸ்பீடு அல்டெக்ரா, அதற்கும் மேல் ரகமான டூரா-ஏஸ் கிராங்குகள் அதில் வருகின்றன. மாடல் எண்கள்: எஃப்சி-6800, எஃப்சி-ஆர்8000, எஃப்சி-9000, எஃப்சி-ஆர்9100, பவர் மீட்டரோடு வந்த எஃப்சி-ஆர்9100-பி. எழுத்துக் கணக்கில் கேஎஃப் முதல் ஆர்எஃப் வரை. இந்தக் கிராங்குகளின் கை உள்ளே குழலாக இருக்கும், இரண்டு அலுமினியத் துண்டுகளை ஒட்டிச் செய்தது. அந்த ஒட்டு விட்டால் பிரிந்து உடையலாம். அமெரிக்கா, கனடா இரண்டிலும் சேர்த்தே ஏழரை லட்சத்துக்கு மேற்பட்ட கிராங்குகள் இதில் வந்தன. பிரிந்துபோனதாக 4,500க்கு மேற்பட்ட புகார்களும், எலும்பு முறிவு உட்பட 6 பேருக்குக் காயமும் அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் அறிவிப்பில் இருக்கின்றன.

இந்த எழுத்துகள் இருந்தாலே கிராங்க் உடைந்துவிடும் என்று அர்த்தம் இல்லை. தெரிந்த டீலரிடம் கொடுத்துப் பிரிவு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்ல வேண்டும், இருந்தால் மாற்ற வேண்டும், அவ்வளவுதான். நிறுவனம் வெளிப்படையாகவே அறிவித்திருக்கிறது. ஆனால் தினமும் இந்த வியாபாரத்தில் இருக்கும் ஒரு கடைக்காரருக்கு அது தெரியாமல் இருக்காது. யாரோ ஓட்டிக் கழித்ததை, அந்தப் பட்டியலில் உள்ளதை, எழுத்து இருக்கும் இடத்தில் சரியாக ரப்பர் கவர் போட்டு, மார்க்கர் அடித்துப் புதுசு என்று விற்றிருக்கிறார். இதை நான் மோசடி என்றுதான் சொல்வேன்.

என்னிடமிருந்து எடுத்துக்கொண்ட 105 கிராங்க், எஃப்சி-ஆர்7000, அந்தப் பட்டியலிலேயே இல்லை.

திரும்பிப் போய்க் கேட்டேன். முதலில் "நாங்க அப்படி வைக்கலீங்க, நீங்க வெளிய எங்கயோ கழட்டியிருக்கீங்க" என்றார். எழுத்தைக் காட்டியதும், "இதே கிராங்க்ல ஊர்ல எத்தனை பேரு ஓட்டறாங்க, யாருக்குங்க என்ன ஆச்சு?" என்றார். என் பழைய கிராங்கையாவது கொடுங்கள் என்றால், அது விற்றுப்போய்விட்டது. கடைசியில் ஸ்டாம்பைக் காட்டினார்.

அந்த ஸ்டாம்புக்குப் பயப்படாதீர்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாங்கிய பொருளுக்குப் பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறை. குறைபாடுள்ள பொருளைப் பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படித்தான். நான் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன். யூபிஐயில் அனுப்பிய ரசீது, அந்தத் துண்டுச் சீட்டு, மெக்கானிக் அண்ணன் கழற்றும்போது எடுத்த படங்கள் எல்லாம் இருக்கின்றன. புகார் போனதும் கடையிலிருந்து கூப்பிட்டு, 10,000 ரூபாய்க்கு வேறு ஏதாவது எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். மறுத்துவிட்டேன். அந்தக் கடையிலிருந்து இனி ஒரு ஸ்க்ரூகூட என் வண்டியில் ஏறாது, எனக்குப் பணமாகத்தான் வேண்டும். வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். ஐந்து லட்சம் வரை அங்கே கட்டணம் கிடையாது, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், இரண்டு வருடம் வரை அவகாசம் உண்டு.

பரிசாக வந்த பணத்தோடு கடைக்குப் போகிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மொத்தம் எவ்வளவு இருக்கிறது, யார் கொடுத்தார்கள் என்பதைக் கடையில் பேசவே வேண்டாம். வேண்டியதை மட்டும் சொல்லுங்கள். 'புதுசு' என்று எழுதுவதற்குப் பதில் மாடல் எண்ணையும் அந்த இரண்டு எழுத்தையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். நேர்மையான கடைக்காரருக்கு அது ஒரு நிமிட வேலை. தயங்கினால் வெளியே வந்துவிடலாம். கவர், ஸ்டிக்கர் என்று எது ஒட்டியிருந்தாலும் உங்கள் கண் முன்னால் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். பைக் ஃபிட் செய்தால் சீட் உயரம், ஹேண்டில் வரை உள்ள தூரம் எல்லாவற்றையும் மில்லிமீட்டரில் எழுதி வாங்குங்கள்.

அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன். பணத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "அத வச்சு மலை ஏறுனியா?" என்றுதான் முதலில் கேட்டார். இப்போதைக்கு மெக்கானிக் அண்ணனிடம் இருந்த ஷிமானோவின் ஒரு டியாக்ரா (105க்குக் கீழ் ரகம்) கிராங்கை மாட்டி ஓட்டுகிறேன். பழசு என்று சொல்லித்தான் கொடுத்தார், விலையும் பழசுக்கு உள்ள விலைதான்.

பொங்கலுக்குப் பிறகு கோவையில் யாராவது பயன்படுத்திய 105 எஃப்சி-ஆர்7000 வாங்கியிருந்தால், கையின் நீளம் 172.5 மில்லிமீட்டர், பல் 50-34, வலது கையின் உள்பக்கம் நீளமாக ஒரு கீறல் இருந்தால், அது என்னுடையதாக இருக்கலாம். நல்ல கிராங்க், தாராளமாக ஓட்டுங்கள். எங்கே வாங்கினீர்கள் என்று மட்டும் எனக்குச் சொன்னால் புகாருக்கு உதவும். அல்டெக்ரா வாங்கியவர்கள் அடுத்த ரைடுக்கு முன் ரப்பர் கவரை உருவிப் பாருங்கள். கேஎஃப் முதல் ஆர்எஃப் வரை எது இருந்தாலும், டீலர் பார்த்துச் சொல்லும்வரை வால்பாறை, கோத்தகிரி எதுவும் வேண்டாம்.