மடையை அடைத்துவிட்டு அறுத்தார்கள்

அப்பாவுக்குக் கல்லீரலில் கட்டி என்று தம்பி சொன்ன நான்காம் நாள் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவிலிருந்து மதுரை வந்து சேர்ந்தேன். வலது பக்கத்தில் ஒரு பகுதியை வெட்டி எடுக்க வேண்டும் என்றார்கள். எனக்கு இருந்த பயமெல்லாம் ரத்தத்தைப் பற்றித்தான். கல்லீரலுக்குள் நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒன்றரை லிட்டர் ரத்தம் பாய்கிறது. அதில் கத்தி வைத்தால் என்ன ஆகும்?

மயக்க மருத்துவர் ஓர் அம்மா. அப்பாவின் கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஐயா, குளம் நிறைந்து நிற்கும்போது மடையைப் பழுது பார்ப்பீர்களா?" என்று கேட்டார். அப்பா ஐம்பது வருடம் வயலில் நின்றவர். உடனே தலையை ஆட்டினார். பிறகு அந்த அம்மா ஒரு தாளின் பின்பக்கத்தில் படம் வரைந்தார். கல்லீரலுக்கு ரத்தம் வரும் வழியைக் கிளாம்ப் என்ற இடுக்கியைப் போட்டுப் பதினைந்து நிமிடம் அடைப்பார்கள், ஐந்து நிமிடம் திறந்துவிடுவார்கள், மறுபடி அடைப்பார்கள். ஆனால் வரும் வழியை அடைத்தாலும், வெளியே போகும் சிரைகளிலிருந்து ரத்தம் பின்னோக்கி வந்து கசியும். அதனால் வெட்டி முடிக்கும்வரை குளுக்கோஸ், உப்பு நீர் எதையும் அளந்துதான் ஏற்றுவார்களாம். சிரைகளில் அழுத்தம் குறைவாக இருக்கும், கசிவும் குறையும். வெட்டி முடித்த பிறகு ஈடு செய்துவிடுவார்கள்.

இந்த அடைப்பு முறைக்குப் பிரிங்கிள் என்று பெயர். விபத்தில் கல்லீரல் கிழிந்தவர்களுக்கு இப்படி விரலால் பிடித்து ரத்தத்தை நிறுத்தலாம் என்று 1908இல் எழுதிய ஜேம்ஸ் ஹோகார்த் பிரிங்கிள், கிளாஸ்கோ ராயல் இன்ஃபர்மரி மருத்துவமனையில் அறுவை மருத்துவராக இருந்தவர். நான் தினமும் பஸ்ஸில் கடந்து போகும் கட்டடம் அது. அங்கே பிறந்த வித்தை இங்கே என் அப்பாவின் வயிற்றுக்குள் வேலை செய்யப் போகிறது என்றபோது தொண்டை அடைத்தது.

ஆனால் கோபமும் வந்தது. அறுவைக்கு முந்தைய நாள் இரவு எட்டு மணிக்குத்தான், காலைக்குள் நான்கு பேர் ரத்தம் கொடுக்க வேண்டும் என்று மருத்துவமனை அலுவலகத்திலிருந்து சொன்னார்கள். கிளாஸ்கோவில் நோயாளியின் வீட்டாரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. தம்பியின் நண்பர்கள் ஐந்து பேர் முதல் பஸ் பிடித்து ஊரிலிருந்து வந்தார்கள். ஒருவருக்கு ஹீமோகுளோபின் 12.5க்குக் கீழே இருந்ததால் திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பையன் தவறு செய்தவன்போலச் சுவரோரம் நின்றதை மறக்க முடியவில்லை. ஊரில் ஆள் இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்?

அறுவை ஐந்து மணி நேரம். மூன்று முறை அடைத்ததாகவும், போன ரத்தம் 350 மில்லி என்றும் குறிப்பில் இருந்தது. ரத்தம் ஒரு பாட்டில்கூட ஏற்றவில்லை. மாலையில் கண் விழித்த அப்பா கேட்டது, "மடையைத் திறந்துவிட்டார்களா?"

கிளாஸ்கோ திரும்பும் முன் அந்த அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தேன்: அறுவைக்கு நாள் குறிக்கும்போதே ரத்தத்தைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். வாங்கி வைத்துக்கொண்டார்கள்.